பக்கத்து நிலத்துக்குப் போன தண்ணீர்

அந்த நவம்பர் மழை ஓய்ந்தபோது பிரெண்டா தோட்டத்தின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நடைபாதைகளில் எல்லாம் கலங்கல் தண்ணீர். அதற்கு மேலே முழங்கால் உயரத்துக்கு எழுப்பிய பாத்திகளில் கடுகுக்கீரையும் முளைக்கீரையும் ஒரு இலைகூடச் சாயாமல் நின்றன.

"டிம், இங்க வாங்க! ஒண்ணும் ஆகல!" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

திமோத்தி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தான். உடனே நம்பவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்து, ஒவ்வொரு பாத்தியின் ஓரத்தையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்து, தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அவர்களிடம் காய்கறி வாங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். 'இந்த வாரம் கூடை உண்டு' என்று கீழே எழுதினான்.

அப்படி எழுத முடியாமல் போன வாரங்கள் அதற்கு முன் நிறைய இருந்தன.

அவர்களுடைய நிலம் தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டி, கேரி தீவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு கம்பத்தில், சின்னக் கிராமத்தில், இருக்கிறது. தீவில் தோட்ட வேலை பார்த்த திமோத்தியின் அப்பா வாங்கிப்போட்ட ஒன்றரை ஏக்கர். திமோத்தி வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வேறு வேலை தேடிச் சலித்த பிறகு, கணவனும் மனைவியும் அங்கே மருந்தும் ரசாயன உரமும் போடாமல் காய்கறி பயிரிடத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போய் கிள்ளான் நகரில் பாதியும் பிரிக்ஃபீல்ட்ஸில் பாதியும் கொடுப்பார்கள்.

தொடக்கத்தில் மழைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த மாதம் விதைக்கலாம், எந்த மாதம் நிலத்தைச் சும்மா போடலாம் என்பது இருவருக்கும் பழகிவிட்டது. பிறகு அந்த ஒழுங்கு குலைந்தது. வெயில் அடிக்க வேண்டிய மாதத்தில் வெள்ளம் வந்தது. மழைக்காலம் என்று நம்பி நட்ட நாற்றெல்லாம் கருகியது. ஒருமுறை கொட்டிய மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. கடலுக்குப் போகும் பெரிய கால்வாயில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தோட்டம் முழுக்க நின்று, கீரை வேரோடு அழுகி நாறியது. மருந்து அடிக்கிற தோட்டக்காரர்கள் எதையாவது தெளித்துக் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொண்டார்கள். இவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அதனால்தான் அந்த வருடம் பாத்திகளை உயர்த்தினார்கள். இளநாற்றுகளுக்கு மேலே மூங்கில் வளைத்து, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினார்கள். மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் உள்ளே புகாதபடி எல்லை நெடுக மண் கரை எழுப்பினார்கள். இடுப்பு ஒடியச் செய்த வேலை. அது பலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு பிரெண்டா நினைத்தாள்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. பக்கத்து நிலத்து வீரம்மா தன் வீட்டுக்குள்ளிருந்து பாய், அரிசி மூட்டை, மரப் பலகை என்று ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாக இருக்கிறவள். அவளுக்கு எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் கொஞ்சம் இருந்தன. ஆனால் வீட்டை ஓட்டியது அந்த மரங்கள் அல்ல, அவள் விடிகாலையில் தொழிற்சாலை வாசலில் விற்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறுதான்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். செம்பனைக்கு அடியில் வீரம்மா களைக்கொல்லி தெளித்தபோது காற்றில் வந்து பிரெண்டாவின் கீரை ஓரம் கருகியதில் தொடங்கிய மனஸ்தாபம். ஆனாலும் அன்று பிரெண்டாவால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"என்னாச்சுக்கா?"

வீரம்மா நிமிர்ந்தாள். "என்னாச்சா? வந்து பாரு."

பிரெண்டா போய்ப் பார்த்தாள். அடுப்படித் தரை முழுக்கச் சேறு. எரிவாயுத் தோம்பு மேசைமேல் ஏறி நின்றது. ஈரமான அரிசியின் புளித்த வாடை அடித்தது.

"இத்தன வருஷமா இந்த வீட்டுலதான் இருக்கேன். எவ்ளோ மழ பேஞ்சாலும் வாசல் வரைக்கும் வரும், போயிரும். உள்ள வந்ததே கெடையாது. இந்த வருஷம் மட்டும் எப்படி வந்துச்சு?"

"மழ எல்லா எடத்துலயும்தாங்கா பேயுது. எங்கள சொன்னா எப்படி?"

"மழய யாரு சொன்னா? நீங்க போட்டிருக்கிற கரைய சொல்றேன். உன் பாத்தி ஒசந்துச்சு, என் அடுப்பு முழுகிருச்சு."

பிரெண்டாவுக்குச் சுருக்கென்றது. "நீங்க மருந்து அடிச்சு என் கீரை கருகுச்சே, அப்ப நான் வந்து சத்தம் போட்டேனா?"

"போட்டியே! இதே எடத்துல நின்னுதான் போட்ட."

அது உண்மைதான். பிரெண்டா திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள்.

திமோத்தியிடம் சொன்னபோது அவன் தோளைக் குலுக்கினான். "அவங்க வீடு பள்ளத்துல இருக்கு. அதுக்கு நாம என்ன பண்றது? கரைய எடுத்தா நாமதான் மறுபடி முழுகணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பிரெண்டாவுக்கு அது போதவில்லை. கரை போட்டபோது தங்கள் நிலத்துக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று மட்டும்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். வராத தண்ணீர் எங்கே போகும் என்ற பேச்சே எழவில்லை.

அடுத்த பெருமழை அதே வாரத்தில் ஒரு பிற்பகலில் வந்தது. வானம் கறுத்ததும் திமோத்தி பிளாஸ்டிக் விரிப்புகளை இழுத்துக் கட்டப் போனான். பிரெண்டா ஒரு குடையை எடுத்துக்கொண்டு எல்லைக் கரைமேல் நடந்தாள். குடை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதை மடக்கி இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே போனாள்.

மேட்டிலிருந்து தண்ணீர் வருவது நன்றாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அது இரண்டு நிலத்திலும் அகலமாகப் பரவிக் கால்வாய்க்குப் போகும். இப்போது இவர்கள் கரையில் முட்டியது, திரும்பியது, வேலியோரமாக ஒரு சின்ன ஆறு போலச் சுழித்து ஓடியது. அவள் அதன் கூடவே நடந்தாள். அது நேராக வீரம்மாவின் கொல்லைக்குள் போய் நுழைந்தது. அங்கே வீரம்மா வாசற்படியில் அரிசிச் சாக்குகளில் மண்ணை நிரப்பி அடுக்கிவிட்டு, குனிந்து ஒரு பானையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய தண்ணீர் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளேதான் வந்தது. அவள் பிரெண்டாவைப் பார்க்கவில்லை.

பிரெண்டா ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். கரையின் நடுவில் நின்று ஓங்கி வெட்டினாள். ஈரமண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

திமோத்தி அலறிக்கொண்டு வந்தான். "என்ன பண்ற நீ? கீழ இருக்கிற கடுகுக்கீரை பூரா போயிரும்!"

"தெரியும்."

"சனிக்கிழமை கூடைக்கு அதுதான் இருக்கு!"

"அங்க போய்ப் பாருங்க டிம். அவங்க பானைய வெச்சு எறைக்கிறாங்க. போய்ப் பாத்துட்டு வந்து திட்டுங்க."

அவன் போகவில்லை. மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, "தள்ளு, நீ வெட்டுறது பத்தாது," என்றான்.

கரை உடைந்ததும் தண்ணீர் இந்தப் பக்கம் பாய்ந்தது. தாழ்வான பாத்திகள் அவர்கள் கண்ணெதிரே கரைந்து சரிந்தன. திமோத்தி பிரெண்டாவின் தோளில் கை வைத்திருந்தான்.

அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் குழுவுக்கு மறுபடியும் 'இந்த வாரம் கூடை இல்லை' என்று செய்தி போனது. உடனே புஷ்பவல்லி கைப்பேசியில் கூப்பிட்டாள். முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள், குழுவை நடத்துகிறவள்.

"என்னம்மா பிரெண்டா, இப்பத்தானே படம் அனுப்பினீங்க. எல்லாம் நல்லா இருந்துச்சே?"

"நல்லாத்தான் ஆன்டி இருந்துச்சு. நாங்கதான் ஒடச்சு விட்டோம்," என்று நடந்ததைச் சொன்னாள்.

"சரி, இருக்கிறப்ப குடுங்க. எங்கயும் போயிரமாட்டோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புஷ்பவல்லி வைத்துவிட்டாள்.

வீரம்மா மறுநாள் வந்தாள். கூப்பிடவில்லை, வணக்கம் சொல்லவில்லை. நேராகக் கரை உடைந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"யாரு வெட்டுனா?"

"நான்தான்," என்றாள் பிரெண்டா. "மிச்சத்த அவரு வெட்டுனாரு."

வீரம்மா சரிந்து கிடந்த பாத்திகளைப் பார்த்தாள். சேற்றில் புதைந்த கீரையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டாள். "பைத்தியமா லா நீ? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து வேற எங்கயாச்சும் திருப்பிவிடப் பாத்திருப்பேன்."

"வேற எங்கக்கா திருப்புறது?"

வீரம்மா கீழ்ப்பக்கமாக நடந்தாள். பிரெண்டாவும் திமோத்தியும் பின்னால் போனார்கள். இரண்டு நிலமும் சேரும் கீழ்க்கோடியில், வீரம்மாவின் பக்கம், கொஞ்சம் செம்பனைகள் தனியாக நின்றன. மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான்.

"இதுங்களுக்கு வேர் அழுகல். குலையே தள்ளல. வெட்டணும் வெட்டணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

நேற்றைய தண்ணீர் அந்த மரங்களைச் சுற்றி இன்னும் வடியாமல் நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இங்க ஒரு குளம் வெட்டுனா என்ன?" என்றாள் பிரெண்டா.

திமோத்தி உடனே குச்சியை எடுத்துச் சேற்றில் கோடு போட ஆரம்பித்துவிட்டான். தொழிற்சாலையில் குழாய்களோடும் பம்புகளோடும் கிடந்தவன். மேட்டுத் தண்ணீரைத் தடுக்க வேண்டாம், எல்லையிலேயே ஒரு வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குக் கொண்டுவரலாம் என்றான். குளம் நிரம்பினால் மிச்சம் குழாய் வழியாகப் பெரிய கால்வாய்க்குப் போகட்டும். குழாயின் வாயில் தானாக மூடிக்கொள்ளும் ஒரு தட்டு வைத்துவிட்டால், கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே திரும்பி வராது.

"குளம் என் நெலத்துல," என்றாள் வீரம்மா. "மீன் விடுவேன். மீன் எனக்கு."

"விடுங்கக்கா. மருந்து மட்டும் இந்தப் பக்கம் அடிக்காதீங்க."

"மீன் இருக்கிற கொளத்துக்குப் பக்கத்துல எவளாச்சும் மருந்து அடிப்பாளா?"

பிரெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் சண்டை போட்டும் நிற்காத மருந்து, கெளுத்தி மீனுக்காக நின்றது.

மண் வாரும் இயந்திரம் வந்து மரங்களைச் சாய்த்துக் குளத்தைத் தோண்டியது. தோண்டிய மண்ணைத் திமோத்தி மறுபடி பாத்திகளுக்கு இழுத்துப் போட்டான். எல்லாம் எடுத்த எடுப்பில் சரியாகிவிடவில்லை. அந்தக் கடலோர மண்ணுக்குள் ஏதோ புளிப்பு இருந்தது. குளத்துத் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் ஊறியது. வீரம்மா அவசரப்பட்டு விட்ட முதல் மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. பிறகு புளிப்பு முறிய மூன்று பேருமாகக் குளக்கரையில் சுண்ணாம்பு தூவினார்கள். மழை நிரப்பியது, வழிந்து போனது, மறுபடி நிரப்பியது. மெதுவாகத் தண்ணீர் தெளிந்தது. புது மீன் குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

சீனப் புத்தாண்டு கழிந்ததும் மழை அடியோடு நின்றது. பெரிய கால்வாயில் தண்ணீர் இறங்கி, கடல் ஏறும் நேரங்களில் உப்பு கரித்தது. முந்தைய வறட்சியில் அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் இலைகளின் நுனி எல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. இந்த முறை குளத்து மழைத்தண்ணீர் இருந்தது. காலையும் மாலையும் கொஞ்சமாக எடுத்தார்கள். வீரம்மா தன் மரங்களில் வெட்டிய மட்டைகளைக் கொடுத்தாள். அவற்றை நறுக்கிப் பாத்திகள்மேல் மூடியதும் மண் சீக்கிரம் காயவில்லை.

என்ன நடுவது என்பதையும் மாற்றிக்கொண்டார்கள். கடுகுக்கீரையை மட்டும் நம்புவதை விட்டார்கள். வெயிலுக்கு வெண்டையும் பயற்றங்காயும், மழைக்குக் காங்கோங் கீரை, இரண்டையும் தாங்கச் சர்க்கரைவள்ளியும் முருங்கையும் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எப்போதும் நிலத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எது பிழைக்கிறதோ அதுதான் அந்த வாரக் கூடை. இதை பிரெண்டா குழுவில் எழுதினாள். ஒன்றிரண்டு பேர் விலகத்தான் செய்தார்கள். மற்றவர்கள் சர்க்கரைவள்ளிக் கீரையை எப்படிச் சமைப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கூடைகளைக் கொடுத்து முடித்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் புஷ்பவல்லியின் அடுக்ககத்துக்குக் கீழே இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நல்ல வெயில். மேற்கே மட்டும் வானம் கன்றிப்போயிருந்தது.

"கிள்ளான் பக்கம் கொட்டுது போல," என்றாள் புஷ்பவல்லி. அதற்குள் அவள் கைப்பேசியில் காணொளிகள் வந்துவிட்டன. கிள்ளானில் ஒரு சாலையில் கார்கள் சக்கரம் வரை முழுகி நின்றன.

பிரெண்டா வீரம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பாதித் தேநீரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் பாதி தூரத்தில் மழை அவர்களைச் சந்தித்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

"குளத்துல எடுத்தது போக இன்னும் பாதிக்கு மேல தண்ணி இருந்துச்சு," என்றான் திமோத்தி. "இன்னைக்குக் கடல் ஏத்தமும் பெருசு. அந்தத் தட்டு சரியா மூடலேன்னா..."

"பேசாம ஓட்டுங்க டிம்."

அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள். வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' செபம் ஓடியது. பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாத்திகளைப் பற்றி அவள் நினைக்கவில்லை. வீரம்மா வழுக்கி விழுந்து கிடக்கிறாளோ, மின்சாரம் தாக்கியிருக்குமோ என்றுதான் மனம் போனது.

கம்பத்துக்குள் திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. வேன் நிற்பதற்கு முன்பே பிரெண்டா குதித்து இறங்கி வீரம்மாவின் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் தண்ணீர் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. செருப்போடு உள்ளே நுழைந்தாள்.

வீரம்மா அடுப்பின் முன் நின்று ஒரு பெரிய சட்டியில் மிளகாய்ச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். தரை காய்ந்திருந்தது.

"ஏன் இப்படி ஓடியாற? யாரு தொரத்துறா?"

"ஃபோன எடுக்கமாட்டீங்களாக்கா? எத்தன வாட்டி கூப்பிடுறது!"

"சம்பல் அடுப்புல இருக்கு. விட்டா அடி பிடிச்சிரும். ஃபோன யாரு பாத்தா?"

பிரெண்டா அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீரம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "என்னா லா இது," என்று அவளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, சம்பல் மணக்கும் கையாலேயே அவள் நனைந்த தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "கொடைய எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன். வாய்க்கால்ல தண்ணி என்னா வேகமா ஓடுது தெரியுமா! கொளம் ரொம்பி, குழா வழியா குபுகுபுன்னு போச்சு. கொஞ்ச நேரத்துல கடல் ஏறுச்சு, தட்டு டப்புன்னு மூடிக்கிச்சு. அப்புறம் வழிஞ்ச தண்ணி உன் நடபாதையிலயும் என் கொல்லையிலயும் சமமா நின்னுச்சு. வாசப்படிகூட ஏறல. மீனு ரெண்டு வெளிய வந்துருச்சு. புடிச்சு உள்ள போட்டுட்டேன்."

சிறிது நேரத்தில் திமோத்தி வந்தான். முழங்கால் வரை சேறு. வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினான். இருவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"பிளாஸ்டிக் ஒரு பக்கம் பிஞ்சிருச்சு. கொஞ்சம் முளைக்கீரை சாஞ்சிருக்கு," என்றான். "மத்ததெல்லாம் நிக்குது. வெண்டைக்காய நாளைக்கே பறிக்கலாம்."

"காலக் கழுவிட்டு உள்ள வா தம்பி. சாப்பிடலாம்," என்றாள் வீரம்மா.

வாழை இலைத் துண்டுகளில் சோறும் சம்பலும் வறுத்த நெத்திலியும் வைத்துக் கொடுத்தாள். மூவரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரம் ஏறி திமோத்தியின் மூக்கு ஒழுகியது. வெளியே தூறல் வலுத்து மறுபடி மழையானது. தகரக் கூரையில் அது விழும் இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பிரெண்டா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினாள்.